பொம்மைக்குக் கட்டிய சாரம்

கணவரின் அண்ணன் சுவிசிலிருந்து எங்கள் மகளுக்கு ஒரு பெட்டி பொம்மைகள் அனுப்பியிருந்தார். பெண் பொம்மைகள் அல்ல. கையும் காலும் மடங்குகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் ஆம்பிளைகள். அவருடைய பையன்கள் விளையாடித் தீர்த்தவை. வாள்களும் கேடயங்களும் பாதி உடைந்திருந்தன. தோளிலிருந்து தொங்கியிருக்கவேண்டிய துணிகள் எப்போதோ தொலைந்து, முதுகில் அவற்றைக் கொழுவுகிற ஓட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. மகள் எல்லாரையும் சீமெந்து நிலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, "அம்மா, இவையளுக்கு உடுப்பில்லை" என்றாள்.

அவ்வளவுதான் தொடக்கம். பின்னாளில் வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகத்தில், போரின் காயங்களை ஆற்றுவதற்காகக் கலையைக் கையில் எடுத்தவள் என்று என்னைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான் எவருடைய காயத்தையும் ஆற்ற நினைக்கவில்லை. பிள்ளையின் பொம்மைக்கு உடுப்பில்லை. வீட்டில் ஒரு பிரின்டர் சும்மா கிடந்தது.

கலியாணத்துக்கு முன் நான் திருகோணமலை ரவுணில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். கலியாண அல்பம், பூப்புனித நீராட்டுவிழா என்று பலதும் செய்தாலும் அடையாள அட்டைக்கான படம்தான் அங்கே எங்களுக்குச் சோறு போட்டது. தன் முகத்தைச் சட்டைப்பையில் கொண்டு திரியாத ஒருவர் வீடு திரும்புவது நிச்சயமில்லாத ஊர் இது. முதலாளி கனடாவுக்குப் போனபோது பழைய கொம்பியூட்டரையும் ஸ்கேனரையும் பிரின்டரையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். கணவர் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுக்கும் கிளார்க். அது சமாதான காலம். காவலரண்களில் மண்மூட்டைகள் அப்படியே இருந்தாலும் அவற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

துணியில் அச்சடிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளை வொயில் துணியைக் கஞ்சி போகக் கழுவி, இங்க் ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரத் தண்ணீரில் நனைத்துக் காயவிட்டு, சுருக்கமில்லாமல் அயர்ன் பண்ணுவேன். பிறகு ஸ்டிக்கர் தாளை உரித்து, அதன் பசையின் மேல் காற்றுக் குமிழி இல்லாமல் துணியைத் தடவித் தடவி ஒட்டி, தாளின் அளவுக்கே ஓரத்தை வெட்டவேண்டும். ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் போதும், உருளை அதைப் பிடித்து இழுத்துத் துணியையே சப்பித் துப்பிவிடும். இங்க் முடிந்தால் பார்மசியில் வாங்கிய ஊசியால் நானே நிரப்புவேன். என் விரல் நுனிகள் எந்நேரமும் நீலமும் சிவப்புமாக இருந்தன. வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. கடலுக்கடியால் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாது என்று நேவிக்காரர் இடைக்கிடை தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். சமாதான காலத்திலும் அது முழுதாக நிற்கவில்லை. யன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும், பிரின்டர் துள்ளும், அடித்துக்கொண்டிருந்த கரையில் ஒரு கோடு விலகிவிடும். அந்தத் துணியை எறிந்துவிட்டு இன்னொன்று வைப்பேன்.

வாள்வீரர்களுக்கு முதலில் போர்வை, பிறகு வேட்டி, சால்வை. மகளுக்கு அதிலேயே திருப்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு, அந்தப் பிள்ளை அன்றைக்குப் போடவிருந்த சட்டையையே ஸ்கேன் பண்ணி, பூக்களைக் கடுகளவுக்குச் சிறிதாக்கி அச்சடித்து, ஒரு பொம்மைக்குத் தைத்துப் போட்டுக் கொடுத்தேன். அது ஊரெல்லாம் கதையாகிவிட்டது. பிறகு பிள்ளைகளின் சட்டைகளோடு தாய்மார் வரத் தொடங்கினார்கள். கொழும்பு நடைபாதையில் விற்கிற மலிவுப் பொம்மைகளைக் கணவரே வாங்கிவந்து தந்தார். குசினிக்குப் பக்கத்து அறையில் கயிறு கட்டி, விரல் நீளச் சட்டைகளைக் காயப்போடுவேன். கணவர் வேலையால் வந்து, "எறும்புக்கு வண்ணான் ஆகிட்டாய்" என்று சிரிப்பார். அவர் அப்போது சிரிக்கிற மனிதர்.

சம்பூர் அக்கா வந்தது அந்த நாட்களில்தான். சம்பூர் அப்போது மற்றப் பக்கத்தின், இயக்கத்தின் கையில் இருந்தது. அங்கிருந்து மூதூருக்கு வந்து, லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடந்து, இறங்குதுறையில் உடம்பையும் பையையும் சோதிக்கக் கொடுத்துவிட்டுத்தான் ரவுணுக்குள் கால் வைக்கலாம். அப்படி வந்த ஒரு பெண் எங்கள் படலையில் நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வெயிலில் காய்ந்த முகம்.

"இஞ்சதானே பொம்மைக்கு உடுப்பு அடிக்கிறது?"

"ஓம் அக்கா. உள்ள வாங்கோ."

கதிரையின் நுனியில் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "பிள்ளையின்ர பிறந்தநாளுக்கோ?" என்று கேட்டேன்.

"பிறந்தநாளுக்கில்லை" என்றவர், பையிலிருந்து பழைய துவாய்க்குள் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுகிற சாரம். நீலமும் மண்நிறமுமாகக் கட்டம் போட்டது. மடித்த இடங்களில் இற்றுப்போயிருந்தது.

"இது அவற்ற. மகள் வயித்தில இருக்கேக்க சுற்றிவளைப்பில ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். விசாரிச்சிட்டு விடுறம் எண்டவங்கள். வீட்டையும் எரிச்சவங்கள். கலியாணப் படம் அதோட போச்சு. இது கிணத்தடியில காயப்போட்டிருந்ததால தப்பினது, தங்கச்சி."

தோய்த்த சாரம். அந்த மனிதரின் மணம்கூட அதில் மிஞ்சியிருக்கவில்லை.

"மகள் பெரிசாகப் போறாள். அப்பா எப்பிடி இருப்பார் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நெட்டை எண்டு சொல்லுவன். கறுப்பு எண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகு எனக்குச் சொல்ல வருகுதில்லை. சின்னனா ஒராளுக்கு இதைக் கட்டி விடேலுமோ?"

ஏலும் என்று சொன்னேன். சாரத்தை ஸ்கேனர் கண்ணாடியில் விரித்தபோது அவர் கையை எடுக்கவில்லை. மூடியின் கீழ் இருந்து வெளிச்சம் நகர்ந்து போவதைப் பார்த்து, "எரிக்காதே?" என்று கேட்டார். "இல்லை அக்கா, வெளிச்சம் மட்டும்தான்" என்றேன். அப்படியும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். திரையில் கட்டங்களுக்குப் பக்கத்தில் அவருடைய பெருவிரல் விழுந்திருந்தது.

அடுத்த கிழமையும் வந்தார். கட்டங்களைச் சிறிதாக்கி அச்சடித்த துணி சரியாக வந்திருந்தது. பொம்மைதான் பிரச்சினை. என்னிடம் இருந்ததிலேயே நெட்டையான வாள்வீரனை எடுத்து மண்நிறம் பூசியிருந்தேன்.

"இவ்வளவு வெள்ளை இல்லை அவர்."

இன்னும் கறுப்பைக் கலந்து பூசினேன். "இப்ப?"

"இப்ப சரி. தாடி வேண்டாம். சவரம் எடுத்த முகம்." மணற்தாளால் தாடியைத் தேய்த்து எடுத்தேன். சாரத்தின் முடிச்சு இடப்பக்கம் வரவேண்டும், அவர் இடக்கைக்காரர் என்றார். அதையும் மாற்றினேன். பிறகு மூக்கைக் காட்டி, "மூக்கு எப்பிடி அக்கா, கூரோ சப்பையோ?" என்று கேட்டேன்.

அவர் பொம்மையின் மூக்கைப் பெருவிரலால் தடவினார். சுவரைப் பார்த்தார்.

"மூக்கு எனக்கு ஞாபகம் வருகுதில்லை, தங்கச்சி" என்றார். அழவில்லை. திருட்டுக் கொடுத்த வீட்டில் நிற்பவர்போல இருந்தார். "அப்ப விடுங்கோ. முகம் இல்லாமலே இருக்கட்டும்."

அப்படித்தான் அந்தப் பொம்மை முகம் தேய்ந்து, இடப்பக்கம் முடிச்சிட்ட நீலக் கட்டச் சாரத்தோடு அவரோடு லோஞ்சேறிப் போனது.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரையும் சொல்லவேண்டியதில்லை. சாம்பல்தீவிலிருந்து ஒரு தாய், மகனின் பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியோடு வந்தார். கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் பெண், தம்பியின் கோடுபோட்ட சேட்டோடு வந்தார். அந்தத் தம்பியைக் கொண்டுபோனவர்கள் வேறு ஆட்கள். எங்கள் மொழி பேசுகிறவர்கள், காட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள். ஒருநாள் கிண்ணியாப் பெண்ணும் சம்பூர் அக்காவும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டில் இருந்தார்கள். கிண்ணியாப் பெண் கொலரை எப்படி மடிப்பது என்று கேட்க, சம்பூர் அக்கா ஊசியை வாங்கி மடித்துக் காட்டினார். யார் கொண்டுபோனது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் ஒருவர் எழும்பிப் போயிருப்பார். போகும்போது கிண்ணியாப் பெண், "உங்கட ஆளுக்குக் கட்டின சாரம் நல்ல சாரம்" என்று மட்டும் சொன்னார்.

இந்த விசயம் கொழும்பில் இருந்த ஒருவருடைய காதுக்குப் போய்விட்டது. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர். தமிழர்தான். நல்ல தமிழ், அதைவிட நல்ல ஆங்கிலம். வெள்ளை வாகனத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு வந்து இறங்கினார். கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த குட்டிச் சேட்டுகளைப் பார்த்து அந்தப் பெண் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "இது சாதாரண விசயம் இல்லை. உலகம் பாக்கவேணும்" என்றார்.

"இது என்ர இல்லை சேர். அவையளின்ர" என்றேன்.

"அவையளோட நானே கதைக்கிறன்."

ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், பொம்மைகளைச் சில கிழமைகளுக்குத் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திராது. கணவருக்குத்தான் பெருத்த சந்தோசம். "இப்பிடி ஆக்களின்ர தொடர்பு கிடைக்கிறதே பெரிய காரியம். நீ ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு நிக்கிறாய்? குடுக்கச் சொல்லு" என்றார்.

மற்றவர்கள் கொடுத்தார்கள். கிண்ணியாப் பெண் மட்டும், வீட்டு ஆம்பிளைகள் சம்மதிக்கவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். சம்பூர் அக்கா என் வீட்டுக்கு வந்து, அந்த மனிதருக்கு முன்னால் நேராகவே சொன்னார்:

"ஏலாது ஐயா. அது மகளின்ர சாமான்."

அவர் வற்புறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார். "நான் உங்களுக்கு நம்பிக்கை தரேல்லை அம்மா. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. எத்தினை பேர் வந்து பாப்பினம். அந்த நேரம் முகாமில வேலை செய்த ஆரும் பாக்கலாம். சிறையில ஒண்டா இருந்த ஆரும் பாக்கலாம். இந்தச் சாரம் கட்டின ஆளை எனக்குத் தெரியும் எண்டு ஒருத்தர் வந்து சொல்லமாட்டாரோ?"

பதின்மூன்று பதினாலு வருசமாகத் தட்டாத கதவில்லாத ஒரு பெண்ணிடம் அதைச் சொன்னார். சொல்லும்போது அவருக்குத் தெரியும், அங்கே வரப்போகிறவர்கள் யார் என்று. அக்கா என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா அடுத்த லோஞ்சில் போய்ப் பொம்மையை எடுத்துவந்து பொறுப்பாளரின் கையில் கொடுத்து, பற்றுச்சீட்டொன்றை வாங்கிக்கொண்டார்.

கண்காட்சி தொடங்கிய நாளுக்கு என்னையும் சம்பூர் அக்காவையும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய ஒரு பெரிய ஹோட்டல் மண்டபம். பொம்மைகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள், மேலிருந்து வெளிச்சம் விழ நின்றன. கீழே அட்டையில் ஊரின் பெயர், கொண்டுபோன காலம், எந்தக் காவலரணில் வைத்துப் பிடித்தார்கள் என்பதெல்லாம் ஆங்கிலத்தில். அவற்றை எல்லாம் அந்தப் பெண்கள் ஒரு பின்னேரம் என் வீட்டில் அழுதழுது பொறுப்பாளருக்குச் சொல்லியிருந்தார்கள். அச்சடிக்கப் போகிறேன் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. விருந்தினர் கையில் சிற்றுண்டித் தட்டுகளோடு பெட்டிக்குப் பெட்டி நகர்ந்தார்கள். வாசித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், கட்லட் எடுத்தார்கள்.

சம்பூர் அக்கா தன் பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். முடிச்சு வலப்பக்கம் திரும்பியிருந்தது. யாரோ எடுத்து வைக்கும்போது கழன்று, திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.

"தங்கச்சி, ஒருக்கா திறக்கச் சொல்லு. முடிச்சை மாத்தி விடோணும்."

நான் காவலாளியிடம் கேட்டேன். தொடக்கூடாது என்றான். கண்ணாடியில் கை வைக்கவேண்டாம், அழுக்காகும் என்றும் சொன்னான். இது அவருடைய கணவரின் பொம்மை என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை, சங்கடமாகச் சிரித்தான்.

பொறுப்பாளர் மேடையில் பேசி முடித்து இறங்கி வந்தபோது அக்கா அவரிடம் போனார். "ஆரும் வந்து ஏதும் சொன்னவையோ ஐயா?"

"இண்டைக்குத்தானே அம்மா தொடங்கினது" என்று அக்காவின் தோளில் தட்டினார். "இது முடிய வெளிநாட்டுக்கும் போகப்போகுது. இன்னும் கனபேர் பாப்பினம்."

"அப்ப எப்ப திரும்பி வரும்?"

"முடிஞ்ச உடன."

திரும்பி வந்த பஸ்சில், கந்தளாய் கிட்ட வரும்போது அக்கா யன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். "முடிச்சு வலப்பக்கம் இருந்தா தெரிஞ்ச ஆளுக்கும் அடையாளம் பிடிபடாது" என்றார். அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நாளில் அந்த வழவழப்பான புத்தகம் தபாலில் எனக்கு வந்தது. பொம்மைகளின் கலர்ப் படங்கள், அட்டைகளில் இருந்த அதே விபரங்கள். என் பெயரும் ஊரும் வீதியும் பின்பக்கத்தில். பொம்மைகள் வரவில்லை. தொலைபேசி எடுத்தால் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். பிறகு வெளிநாட்டில் என்றார்கள். பிறகு அந்த இலக்கமே வேலை செய்யவில்லை.

அதற்குள் சண்டை திரும்பிவிட்டது. முதலில் சந்தையில் குண்டு, கடையடைப்பு, எரிந்த கடைகள். பிறகு சம்பூர்ப் பக்கம் விமானங்கள் போய்வருவதை வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தோம். குடாவுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது. லோஞ்ச் நின்றுவிட்டது. சனமெல்லாம் கால்நடையாக வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் போய்விட்டதாகச் சொன்னார்கள். அக்காவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு காலைவேளை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தேன். சாதாரண உடுப்பில் வந்த புலனாய்வுக்காரர்கள், கையில் அந்தப் புத்தகம். பக்கங்களில் ஓரம் மடித்து அடையாளம் வைத்திருந்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான்.

"இது நீங்கள் செய்ததா?"

"ஓம்."

"இந்தக் காவலரண் பெயர் யார் சொன்னது? இந்த ஆக்கள் எல்லாம் இப்ப எங்க?"

பொம்மைக்கு உடுப்பு மட்டும்தான் அடித்தேன், எழுத்து என்னுடையதல்ல என்றேன். அதை அவன் மொழிபெயர்க்கவே இல்லை. கொம்பியூட்டர், ஸ்கேனர், பிரின்டர், படங்கள் இருந்த சீடிகள் எல்லாவற்றையும் தூக்கினார்கள். இங்க் நிரப்புகிற ஊசியைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டார்கள். காட்டினேன். நம்பவில்லை. கயிற்றில் தொங்கிய குட்டி உடுப்புகளைக் கூட ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினார்கள். கடைசியில் கணவரை வாகனத்தில் ஏறச் சொன்னார்கள்.

"அவர் ஒண்டும் செய்யேல்லை. நான்தானே செய்தனான், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கத்தினேன்.

"விசாரிச்சிட்டு விடுவம்" என்றான்.

சம்பூர் அக்காவின் வாயால் கேட்ட அதே சொல். மகள் ஒரு சப்பாத்தைப் போட்டபடி வாசலில் நின்றாள்.

கணவர் திரும்பி வந்தார். எங்கள் ஊரில் அது பெரிய பாக்கியம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்தவர் போனவர் இல்லை. என்ன நடந்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. வலது தோளை உயர்த்த ஏலாது. குளிக்கும்போது கதவைப் பூட்டிக்கொள்வார். துறைமுகத்தில் அவருடைய பாஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட ஏலாது, வாசலைத் தாண்டாதவருக்கு வேலை இல்லை. வீட்டில் இருந்து சுவரைப் பார்த்தார். ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, மகளுக்கு முன்னாலேயே சொன்னார்:

"பொம்மைக்கு உடுப்பு அடிச்சு வீட்டை அழிச்சுப் போட்டாய்."

"குடுக்கச் சொல்லு எண்டு சொன்னது நீங்கள்."

"அடிச்சது நீ."

இன்றைக்கும் அந்தக் கதையை முடித்ததாகச் சொல்ல ஏலாது. சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார். மருந்தெடுக்கக் கூட்டிப் போகிறேன், வருகிறார். அண்ணனுடைய வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் குரலில் கொஞ்சம் உயிர் வரும்.

சண்டை கிழக்கில் ஓய்ந்த பிறகு, சம்பூர்ச் சனத்தைக் கிளிவெட்டி முகாமில் கொண்டுவந்து விட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தகரக் கொட்டில்களின் வரிசையில் விசாரித்து விசாரித்து அக்காவைக் கண்டுபிடித்தேன். பாதி ஆளாகியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கொண்டு வந்தனியோ?"

இல்லை என்று சொன்னேன். அந்த மனிதரைப் பிடிக்கவே முடியவில்லை என்றேன். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப திரும்ப ஒண்டு அடிச்சுத் தாவன்" என்றார்.

"சாரத்தைத் தாங்கோ அக்கா. எப்பிடியாவது வெளியில குடுத்தெண்டாலும் அடிச்சுத் தாறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். சாரம் ரங்குப்பெட்டிக்குள். திரும்பிப் போக விடவில்லை. அங்கே இப்போது வீடே இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

"உன்ர கொம்பியூட்டருக்குள்ள இருந்ததெல்லோ?"

"அதைத்தான் அக்கா கொண்டு போயிட்டினம்."

இருவரும் தகர நிழலில் இருந்தோம். ஒரு மனிதனைக் கொண்டுபோனார்கள். மிஞ்சிய துணியும் போனது, துணியின் படமும் போனது, படத்திலிருந்து செய்த பொம்மையும் போனது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்கள் கொண்டுபோனார்கள். அதில் ஒருவர் மட்டும் நன்றி சொல்லி, பற்றுச்சீட்டுத் தந்து, தோளில் தட்டிவிட்டுக் கொண்டுபோனார். எனக்கு அவர்மீதுதான் இன்றுவரை ஆத்திரம் கூட. அது நியாயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர் அடிக்கவில்லை, எரிக்கவில்லை என்கிறார்கள். தெரியும். ஆனால் மற்றவர்கள் எவரும் அக்காவிடம் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பறிக்கவில்லை.

யுத்தம் முழுதாக முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கையிலிருந்த போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், "அம்மா, இது நீங்கள் செய்ததெல்லோ?" என்று கொண்டுவந்து காட்டினாள். குளிர்நாடு ஒன்றில் ஏதோ ஒரு காட்சிச்சாலையின் பக்கம். சாம்பல்நிறப் பின்னணியில் முகமில்லாத பொம்மை, நீலக் கட்டச் சாரம். இலங்கை, கிழக்குக் கரை, பெண்கள் கூட்டுக் கைவேலை என்று போட்டிருந்தார்கள். நிறம் மங்காமல் வைத்திருந்தார்கள். அதையும் சொல்லவேண்டும்.

சம்பூரில் அப்போது ஒரு பகுதிச் சனம் திரும்பக் குடியேறியிருந்தது. பாலங்கள் வந்துவிட்டதால் பஸ்சிலேயே போகலாம். போனேன். புது வீட்டின் முற்றத்தில் அக்காவின் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா காணிக்குள் ஆடு கட்டப் போயிருந்தார். அவர் வருவதற்குள் மகளிடம் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். பிள்ளை போனைப் பறிக்க எட்டியது. திருப்பித் தந்துவிட்டாள்.

"அம்மாவுக்குக் காட்டவேண்டாம் அன்ரி."

"ஏன் பிள்ளை? உனக்காகத்தானே அதைச் செய்விச்சவா. அப்பா எப்பிடி இருப்பார் எண்டு நீ கேட்டுக்கொண்டே இருந்தனியாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் கேட்டதே இல்லை அன்ரி. ஆரையெண்டு கேக்கிறது? கண்ணால கண்டனானோ? அதை என்ர புத்தகங்களுக்குப் பக்கத்தில வைச்சுப்போட்டு, நான் பள்ளிக்கூடம் போகப் படலை தாண்டின உடன எடுத்து வைச்சுக் கதைக்கிறது அம்மாதான். நான் காணாத மாதிரி இருப்பன். இப்பதான் ரெண்டு வருசமா அவரைப் பற்றிக் கதைக்காம நல்லா நித்திரை கொள்ளுறா."

அக்கா ஆட்டுக் கயிற்றோடு வந்தார். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். கணவரின் தோள் சுகமோ என்று கேட்டார். யானை வந்து வேலியை முறித்த கதையைச் சொன்னார், தண்ணீர் உப்பாக இருப்பதைச் சொன்னார், ஆட்டுப்பாலில் தேத்தண்ணி போட்டுத் தரச் சொல்லி மகளைக் குசினிக்கு அனுப்பினார். பொம்மையைப் பற்றி எதையும் கேட்கவில்லை. போன் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. தேத்தண்ணியைக் குடித்தேன். பஸ் வருகிற நேரமாகிறது என்று சொல்லி எழும்பினேன்.